எந்த ஈ-கோலி என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதிச் சாப்பாடோ கல்யாண வீட்டுப் பந்தியோ, எங்கே வயிற்றுப்போக்கு பரவினாலும் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வந்துவிடுகிறது: ‘பரிசோதனையில் ஈ-கோலி கிருமி இருப்பது உறுதியானது.’ காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வாசகர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அந்த வரி எதையும் சொல்லவில்லை. நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும் ஒருவரின் மலத்தைப் பரிசோதித்தாலும் ஈ-கோலி கோடிக்கணக்கில் கிடைக்கும். மெரினாவில் மணல் இருப்பது உறுதியானது என்று எழுதுவதைப் போன்றது இது.

குடிநீரைப் பொறுத்தவரை மட்டும் அந்தப் பெயருக்குத் தனி அர்த்தம் உண்டு. 100 மில்லி குடிநீரில் ஈ-கோலி அறவே இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை. அங்கே அது சாட்சி. குழாயில் எங்கோ மலக்கழிவு கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. நோயைக் கொடுத்தது அதே தண்ணீரில் வந்த வேறு கிருமியாகவும் இருக்கலாம். உணவில் ஈ-கோலி எண்ணிக்கை கூடுதலாக இருப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்: சமைத்தவர் கை கழுவவில்லை, காய்கறி அலசிய தண்ணீர் சரியில்லை என்று பொருள். குற்றவாளியாக வரும் ஈ-கோலி வேறு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவதால் வரும் குழப்பத்தைத்தான் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வகங்களில் காலங்காலமாக வளர்க்கப்படும் கே-12 என்ற சாதுவான ஈ-கோலியின் மரபணுத்தொகுதி 1997-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. சுமார் 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். 2001-இல் ஓ157:எச்7 என்ற நோய் தரும் வகையைப் படித்தார்கள். அது சுமார் 55 லட்சம் எழுத்துகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கே-12-இல் இல்லாத 1,387 மரபணுக்கள் ஓ157-இல் இருந்தன. அடுத்த ஆண்டு, சிறுநீர்த் தொற்று தரும் ஒரு வகையையும் சேர்த்து மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருந்த புரதங்கள் மொத்தத்தில் 39.2 சதவீதம்தான். ஒரே இனம் என்று பெயர் சூட்டப்பட்ட மூன்று கிருமிகளின் கதை இது. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து குணமும் ஒன்று என்று முடிவு கட்ட முடியாது.

கூடுதல் மரபணுக்கள் எங்கிருந்து வந்தன? பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, பேஜ் என்பார்கள். சில பேஜ்கள் உள்ளே நுழைந்ததும் பாக்டீரியாவைக் கொல்லாமல், தம் மரபுப்பொருளை அதன் மரபுப்பொருளோடு கோத்துவிட்டுத் தூங்குகின்றன. ஓ157-இன் கொடுமைக்குக் காரணமான ஷிகா நஞ்சின் மரபணு இப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். 1897-இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டறிந்த ரத்தபேதிக் கிருமியின் நஞ்சும், ஈ-கோலியின் முதல் வகை ஷிகா நஞ்சும் ஏறத்தாழ ஒன்றே. அது ஐந்து துண்டுகளால் ஆன அடிப்பகுதியைக் கொண்டு செல்லின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. மேற்பகுதி உள்ளே போய், புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து அடினைன் என்ற ஒரே ஒரு மூலக்கூறைக் கத்தரித்து எடுத்துவிடுகிறது. அத்தோடு அந்தச் செல்லில் புரத உற்பத்தி நின்றுபோகிறது. நஞ்சு ஒட்டுவதற்கான கொக்கி மனிதச் சிறுநீரகத்தின் நுண்ரத்தக் குழாய்களில் நிறைய உண்டு. மாட்டின் குடல் ரத்தக்குழாய்களில் அது இல்லை. அதனால்தான் மாடு இந்தக் கிருமியை வயிற்றில் சுமந்துகொண்டு சுகமாக அசைபோடுகிறது. அதன் சாணம் பட்ட கீரையைப் பச்சையாகத் தின்ற குழந்தைக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வந்துவிடும்.

இந்த மரபணு ஊர்விட்டு ஊர் போகும் என்பதற்கு 2011-இல் ஜெர்மனியில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் ஹாம்பர்க் நகரைச் சுற்றி ரத்தபேதியும் சிறுநீரகச் செயலிழப்பும் பரவின. ஜூலை வரை ஜெர்மனியில் மட்டும் 3,816 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 845 பேருக்கு எச்.யு.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை ஏற்பட்டது: சிவப்பணுக்கள் சிதையும், தட்டணுக்கள் குறையும், சிறுநீர் நின்றுபோகும். 54 பேர் இறந்தார்கள். வழக்கமாக எச்.யு.எஸ். சிறு குழந்தைகளைத்தான் பிடிக்கும். இந்த முறை பத்தில் ஒன்பது பேர் பெரியவர்கள், பெரும்பாலோர் பெண்கள். அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே திகைப்பாக இருந்தது.

கிருமியின் பெயர் ஓ104:எச்4. அது ஓ157-இன் நெருங்கிய உறவு அல்ல. குடற்சுவரில் செங்கல் அடுக்கியது போல அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு, நாள்கணக்கில் பேதியை உண்டாக்கும் வேறொரு குலத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய சொந்தம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் முன்பே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதனிடம் ஷிகா நஞ்சு இல்லை. ஜெர்மனிக் கிருமிக்கோ ஒரு பேஜ் இரண்டாம் வகை ஷிகா நஞ்சைக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. கூடவே, பல ஆண்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் சி.டி.எக்ஸ்.-எம்-15 என்ற நொதியின் மரபணுவை பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையம் ஒன்று சுமந்து வந்தது. குடற்சுவரை இறுகப் பற்றும் திறமை ஒருவரிடம், நஞ்சு இன்னொருவரிடம் என்று இருந்தவரை உலகம் சமாளித்தது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததும் நோயுற்றவர்களில் 22 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. ஜூன் 2-ஆம் தேதியே இதன் மரபணு வரிசை இணையத்தில் பொதுவில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் இது கலப்பினம் என்பது உலகுக்குத் தெளிவாயிற்று.

பத்திரிகைகளுக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. மே 26-ஆம் தேதி ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். வெள்ளரியில் ஷிகா நஞ்சு கொண்ட ஒரு ஈ-கோலி இருந்தது உண்மை. ஆனால் அது ஓ104 இல்லை, வேறு வகை. அந்த விவரம் தெரியவருவதற்குள் ஐரோப்பாவெங்கும் வெள்ளரியும் தக்காளியும் குப்பைக்குப் போயின. விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த நஷ்டஈடு 20 கோடி யூரோவுக்கு மேல். ‘ஈ-கோலி உறுதியானது’ என்பதோடு நின்றதற்கு ஒரு கண்டமே கொடுத்த விலை அது.

உண்மைக் காரணம் முளைகட்டிய பயறு. அதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டால் தக்காளி, கீரை, வெள்ளரி என்றார்கள். தட்டின் ஓரத்தில் நாலு முளை தூவியிருந்தது யாருக்கு நினைவிருக்கும்? முதல் விசாரணையில் கால்வாசிப் பேர்தான் அதைச் சொன்னார்கள். பிறகு கேள்வியைத் திருப்பிப்போட்டார்கள். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட பத்துக் குழுக்களின் பில்லை வைத்துக்கொண்டு, எந்த உணவில் எதைப் போட்டீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். முளை போட்ட உணவைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு கூடுதல். அங்கே நோயுற்ற அத்தனை பேரும் முளை போட்ட உணவைச் சாப்பிட்டவர்கள். லோயர் சாக்சனி மாநிலத்தின் ஒரு முளைப்பயிர்ப் பண்ணைக்கு 41 நோயாளிக் குழுக்களின் தடம் போய்ச் சேர்ந்தது. ஜூன் கடைசியில் பிரான்சின் போர்டோ அருகேயும் அதே கிருமி தலைகாட்டியது. அங்கே முளைக்க வைத்த விதையும் ஜெர்மனிப் பண்ணையின் விதையும் எகிப்திலிருந்து 2009 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வந்த ஒரே சரக்கு: வெந்தயம்.

நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். விதையிலிருந்து கிருமியைப் பிரித்தெடுக்க கடைசிவரை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டைக்கு ஒரு பிடியில், பிடிக்கு ஓரிரு கிருமி என்று இருந்தால் எந்த மாதிரியில் அகப்படும்? ஆனால் உலர்ந்த விதையின் தோல் வெடிப்பில் அது ஒன்றரை ஆண்டு காத்துக்கிடந்திருக்கிறது.

குழம்புக்குத் தாளிக்கிற வெந்தயத்தில் இந்தக் கவலை கிடையாது. வறுத்துப் பொடித்தால், இட்லி மாவோடு அரைத்து வேகவைத்தால், சூடு கிருமியைத் தீர்த்துவிடும். சிக்கல் முளைகட்டும்போது வருகிறது. இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, அடுப்படி ஓரத்தில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிடுகிறோம். 30 டிகிரி வெப்பம், குறையாத ஈரம், முளை விடும் விதையிலிருந்து கசியும் சர்க்கரை. கிருமி வளர்க்க ஆய்வகத்தில் இன்குபேட்டருக்குள் நாங்கள் செய்து கொடுக்கும் வசதி இதுதான். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டாலும் ஏழு மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகிவிடும்.

கழுவினால் போகாதா என்று கேட்பார்கள். போகாது. உப்பு, மஞ்சள், வினிகர் எதுவும் வெடிப்புக்குள் எட்டுவதில்லை. முளைத்த பிறகு கிருமி தண்டின் உள்ளேயே போய்விடக்கூடும். அமெரிக்காவில் முளைப்பயிர் தயாரிப்பாளர்களுக்கு 1999-இல் சொன்ன அளவு, லிட்டருக்கு 20 கிராம் குளோரின் வலிமையுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரம் அது. அப்படி ஊறவைத்தும் முழுமையாகக் கொல்ல முடியவில்லை. அதனால்தான் தொழில்முறைப் பண்ணைகளில் விதையை நம்பாமல், முளைக்கட்டத் தொடங்கி 48 மணி நேரம் ஆன பிறகு வடியும் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். விதையில் ஒளிந்திருந்த ஒரு கிருமி அதற்குள் லட்சமாகி வடிநீரில் வந்துவிடும். ஐரோப்பாவில் 2013 முதல் முளைப்பயிரில் 25 கிராமுக்கு ஓ157, ஓ26, ஓ103, ஓ111, ஓ145, ஓ104:எச்4 ஆகிய ஆறும் இருக்கக் கூடாது என்று வகை பிரித்தே சட்டம் எழுதியிருக்கிறார்கள். ‘ஈ-கோலி கூடாது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதவில்லை.

வீட்டுக்கு வழி சுலபம். முளையைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடிக்கலாம். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டலாம். முளையின் உள்ளே 70 டிகிரி சூடு இரண்டு நிமிடம் நின்றால் போதும். தட்டில் மலைபோலக் குவித்து ஆவி காட்டினால் நடுவில் சூடு ஏறாது, பரப்பி வைக்க வேண்டும். சுண்டல் செய்து பழகிய நமக்கு இது புதிதும் இல்லை. முளைப்பயறைப் பச்சையாக எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவதுதான் புதுப்பழக்கம். விதைப்பதற்கென்று விற்கும் வெந்தயத்தை முளைகட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மருந்து கலந்திருக்கும்.

இனி ஆய்வகம். மலப் பரிசோதனைக்கு வரும் மாதிரியைப் பெரும்பாலான இடங்களில் மெக்கான்கி அகார் என்ற கிருமி வளர்க்கும் தட்டில் தேய்ப்பார்கள். பேதி தரும் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமில்லாத காலனிகளாக, அதாவது கிருமித் திட்டுகளாக, வளரும், அவற்றை எடுத்து மேலே சோதிப்பார்கள். ஈ-கோலி பால் சர்க்கரையான லாக்டோஸைப் புளிக்கவைப்பதால் ரோஸ் நிறத்தில் வளரும். ரோஸ் என்றால் குடலில் வழக்கமாக இருப்பது என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கொலைகாரன் அந்த ரோஸ் கூட்டத்துக்குள் இருந்தாலும் தெரியாது. ஓ157-ஐப் பிடிப்பதற்கென்று லாக்டோஸுக்குப் பதில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் போட்ட தட்டு உண்டு. அது சார்பிட்டாலை ஒரு நாளுக்குள் புளிக்கவைக்காது என்பதால் நிறமின்றித் தனித்துத் தெரியும். நல்ல உபாயம்தான். ஆனால் ஓ104:எச்4 சார்பிட்டாலை நன்றாகவே புளிக்கவைக்கும். அந்தத் தட்டை மட்டும் நம்பியிருந்த ஆய்வகத்தின் கண்ணில் 2011-இன் கிருமி பட்டிருக்காது.

ஆகவே உருவத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நஞ்சின் மரபணுவைத் தேட வேண்டும். உணவென்றால் 25 கிராம் மாதிரியை 225 மில்லி வளர்ப்பு திரவத்தில் கலந்து, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்து, அந்தக் குழம்பில் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை போட வேண்டும். முதலில் எஸ்.டி.எக்ஸ்-1, எஸ்.டி.எக்ஸ்-2 என்ற இரண்டு ஷிகா நஞ்சு மரபணுக்கள், அடுத்தது குடற்சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் ஈ.ஏ.இ. மரபணு. ஜெர்மனிக் கிருமியிடம் ஈ.ஏ.இ. இல்லை. எனவே செங்கல் அடுக்குக் குலத்தின் அடையாளமான ஏ.ஜி.ஜி.ஆர். மரபணுவையும் பார்க்க வேண்டும். எஸ்.டி.எக்ஸ்-2-இன் ‘ஏ’ உபவகையோடு ஈ.ஏ.இ., ஏ.ஜி.ஜி.ஆர். இவ்விரண்டில் ஒன்று சேர்ந்திருந்தால்தான் ஆபத்து மிக அதிகம். முதல் வகை நஞ்சு மட்டும் இருப்பது அந்த அளவுக்கு மோசமில்லை.

இதோடு முடிந்துவிட்டது என்று அறிக்கை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. குழம்பில் எஸ்.டி.எக்ஸ். ஒரு பாக்டீரியாவிலும் ஈ.ஏ.இ. இன்னொன்றிலும் இருந்தாலும் பி.சி.ஆர். இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே சொல்லும். செத்த கிருமியின் டி.என்.ஏ.வும், தனியே மிதக்கும் பேஜும் ‘ஆம்’ சொல்லவைக்கும். ஆகவே தட்டில் பரப்பி, ஐம்பது காலனிகள் வரை பத்துப் பத்தாகச் சேர்த்துச் சோதித்து, மரபணுக்கள் அனைத்தும் ஒரே காலனியில் இருக்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பேஜ் எப்படி வந்ததோ அப்படியே கழன்றும் போகும். நோயாளியின் குடலிலேயோ, தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்க்கும்போதோ நஞ்சு மரபணு உதிர்ந்துவிட்டால், அசல் குற்றவாளி ‘நிரபராதி’ அறிக்கையோடு வெளியே வந்துவிடுவான். மாதிரியை நோயின் முதல் சில நாள்களுக்குள், ஆண்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், எடுத்துக் குளிரில் வைத்து அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

இது ஈ-கோலியோடு நிற்கும் கதை அல்ல. கடல் மீனிலும் இறாலிலும் இயல்பாக இருக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியாவில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. டி.டி.எச். என்ற நஞ்சின் மரபணு கொண்ட ஓ3:கே6 வகை 1996-இல் கொல்கத்தாவில் திடீரென்று பெருகி, பிறகு தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா என்று கண்டம் தாண்டியது. இறாலில் விப்ரியோ இருந்தது என்று மட்டும் எழுதினால் அதிலும் பாதிச் செய்திதான் இருக்கிறது.

மருந்துக்கடையில் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. பேதி என்றதும் ஆண்டிபயாடிக் இரண்டு, பேதியை நிறுத்தும் மாத்திரை இரண்டு என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடக் கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது உள்ளே தூங்கும் பேஜ் விழித்துக்கொள்கிறது. கப்பல் மூழ்கப்போகிறது என்று தெரிந்து தன்னைப் பெருக்கிக்கொண்டு பாக்டீரியாவை உடைத்து வெளியேறுகிறது. அப்போது நஞ்சும் சேர்ந்து கொட்டுகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரையோ நஞ்சைக் குடலிலேயே தேக்கிவைக்கும். அதே ரத்தபேதி ஷிகெல்லாவாக இருந்தால் ஆண்டிபயாடிக் அவசியம். நம் ஊரில் அதற்கான வாய்ப்பே கூடுதல் என்பதால் மருத்துவரின் முடிவும் ஆய்வக அறிக்கையும் கைகோக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பேதி தொடங்கி ஐந்து முதல் பத்து நாளுக்குள், பேதி குறைந்து குழந்தை தேறிவருவது போலத் தோன்றும் வேளையில், சிறுநீர் குறைந்து முகம் வெளிறினால் அன்றைக்கே ரத்த அணுக்களையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘ஈ-கோலி உறுதி’ என்று அதிகாரி சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மலத்திலா, உணவிலா, தண்ணீரிலா? ஷிகா நஞ்சு மரபணு சோதிக்கப்பட்டதா? நோயாளியிடம் கிடைத்ததும் உணவில் கிடைத்ததும் ஒரே வகையா? பதில் இல்லையென்றால் ‘வகை சோதிக்கப்படவில்லை’ என்று அந்த இரண்டு சொல்லையும் அச்சில் போடுங்கள். அடுத்த மாவட்டத்தின் ஆய்வகத்துக்கு அது ஒரு தூண்டுதலாக இருக்கும்.

ஞாயிறு இணைப்பின் ஆரோக்கியக் குறிப்புகளுக்கும் ஒரு திருத்தம். சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முளைகட்டிய வெந்தயத்தைப் பரிந்துரைக்கும் இடங்களில் ‘பச்சையாக’ என்று இருப்பதை ‘ஆவியில் வேகவைத்து’ என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்